கல்லாற்றுக் கரையும் கால்நடை வைத்தியமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறுகின்ற மலைப்பாதையிலே, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளும் தொடங்குவதற்கு முன்னர், உருண்டு திரண்ட பாறைகளினிடையே தெளிந்த நீர் ஓடும் ஓர் ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்கும் சிற்றூர் கல்லாறு. செம்முஞ்சி மொட்டை என்னும் சிகரத்தின் பக்கத்தில் உற்பத்தியாகும் இந்நீரே கீழே இறங்கி, வாமனபுரம் ஆறு என்ற பெயரோடு நாட்டுப்புறங்களைக் கடந்து, அஞ்சுதெங்குக் கரையை அடுத்த காயலில் கலக்கிறது. மலையின் ஆதிக்குடிகளான காணிக்காரர், சமவெளியிலிருந்து ஏறிவந்து மரவள்ளியும் மிளகும் ரப்பரும் பயிரிட்ட சிறு விவசாயிகள், தேயிலைத் தோட்டங்களில் உழைப்பதற்கென்று திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தங்கிய தமிழ்த் தொழிலாளர் என மூவகை மாந்தர் இவ்வட்டாரத்திலே கலந்து வாழ்ந்து வந்திருக்கின்றனர். நிலம் பெரிதாக இல்லாத இவர்களில் பலருக்கு வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் நிற்கும் ஒரு பசுவும் இரண்டு ஆடுகளுமே கைமுதல். மழைக்காலத்தில் தோட்ட வேலை நின்றுபோனாலும், மிளகின் விலை வீழ்ந்தாலும், அடுப்பை அணையாமல் காப்பது அந்தப் பசுவின் பால்தான்.

அத்தகைய பசு ஒரு நாள் மேவு தின்னாமல் தலையைத் தொங்கவிட்டு நின்றால், அந்த வீட்டார் யாரைத் தேடிப் போவார்கள்? இவ்வெளிய வினாவுக்கு ஒவ்வொரு காலமும் அளித்து வந்த விடையே கால்நடை வைத்தியத்தின் சரித்திரம். கல்லாற்றுக்குத் தொலைவில்லாத பாலோட்டிலே இன்று கால்நடைகளுக்கான தடுப்பூசி மருந்தை உற்பத்தி செய்யும் அரசாங்க ஸ்தாபனமும், நோய்களை ஆராய்ந்து அறியும் நிலையமும் இருக்கின்றன. அந்த மருந்துக் குப்பி இம்மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்த வழியோ மிக நீண்டது. பாண்டியர்களின் குதிரை லாயத்தையும், இத்தாலி தேசத்தின் மேய்ச்சல் நிலங்களையும், குமாவுன் மலைச் சிகரத்தையும் தொட்டுக்கொண்டு வந்த வழி அது.

விலங்குகளுக்கு வைத்தியம் செய்யும் கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. குதிரைக்குச் சாலிஹோத்திரர், யானைக்குப் பாலகாப்பியர் என்று சாஸ்திரகர்த்தர்களை வகுத்து வைத்த நாடு இது. விராட நகரத்தில் அஞ்ஞாதவாசம் செய்த காலத்தில் நகுலன் குதிரைகளையும் சகதேவன் பசுக்களையும் பேணும் தொழிலை மேற்கொண்டதாகப் பாரதம் கூறுவதே, அரசகுமாரர்களுக்கும் அது இழிவான வித்தையாகக் கருதப்படவில்லை என்பதற்குச் சான்று. கேரள தேசத்திலே திருமங்கலத்து நீலகண்டன் இயற்றிய ‘மாதங்கலீலை’ யானையின் லட்சணத்தையும் குணத்தையும் பராமரிப்பையும் விரித்துரைப்பது. தமிழிலோ மாட்டு வாகடம் என்ற பெயரால் ஏட்டுச் சுவடிகள் பல வழங்கின. மாட்டின் சுழிகளையும் நிறத்தையும் சொல்லி, நோயின் குறிகளையும் அதற்குரிய பச்சிலைகளையும் அவை விளக்கிச் சென்றன.

சுவடியைக் கண்ணால் பார்த்தறியாத வைத்தியர்களே ஊர்களில் மிகுதியாக இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. வயிறு உப்பிய மாட்டுக்கு இஞ்சியும் மிளகும் பெருங்காயமும் அரைத்து மூங்கிற் குழலில் ஊற்றிக் கடைவாய் வழியாகப் புகட்டுவதும், புழு வைத்த புண்ணுக்கு வேப்பெண்ணெயிலே கர்ப்பூரத்தைக் குழைத்து இடுவதும், குறுக்கே கிடக்கும் கன்றைக் கையை விட்டுத் திருப்பி எடுப்பதும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் வாய்மொழியாகவே வந்த வித்தைகள். இவற்றிற் சில இன்றைக்கும் பயனுள்ளவை. சிலவோ, எந்த நோய்க்கும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கத்தைப் போல, வாயற்ற ஜீவனுக்கு நோயோடு நோவையும் சேர்த்துக் கொடுத்தவை. அடைப்பான், சப்பை நோய், கோமாரி, வெக்கை முதலிய கொள்ளைநோய்கள் வந்தபோது இவ்வைத்தியர்களும் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று; அப்பொழுது ஊர் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதைத் தவிர வேறு பரிகாரம் இருந்ததில்லை.

ஏட்டில் அறிவு இருந்தும் கொட்டிலில் அது இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை நமக்கு எழுதி வைத்தவர் ஓர் இத்தாலியர் என்பது வியப்பிற்குரிய செய்தி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, சீன தேசத்திலிருந்து கடல் வழியாகத் திரும்பிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டை ஐந்து சகோதரர்கள் அரசாண்டதையும், அவர்கள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும் விவரிக்கிறார். அவ்வாறு வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மாண்டு போயின என்றும், சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்தனர் என்றும், குதிரைக்கு வைத்தியம் அறிந்தவர் அந்நாட்டில் இல்லை என்றும், அத்தகைய வைத்தியர் எவரும் அங்குச் சென்றுவிடாதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். சாலிஹோத்திரம் பிறந்த தேசத்திலே குதிரை வைத்தியன் இல்லாமல் அரசனின் பொக்கிஷம் கடலுக்கு அப்பால் வடிந்து போனது என்றால், அதற்குக் காரணம் சாஸ்திரம் இல்லாமை அன்று. கற்றவன் லாயத்தில் காலெடுத்து வைக்காமையே.

வணிகர்களின் சூழ்ச்சியை வெகு நுட்பமாகக் கண்டு எழுதிய அந்த யாத்திரிகரின் சொந்த நாடும் இதே பாடத்தைப் பிற்காலத்திலே பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 1711-ஆம் ஆண்டில், அயல்நாட்டிலிருந்து ஓட்டிவந்த மந்தையினின்றும் வழிதவறிய ஒற்றை மாட்டின் மூலமாக வெக்கை நோய் படுவா நகரத்தைச் சூழ்ந்த பண்ணைகளில் புகுந்தது. தொழிலாளரின் நோய்களைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிப் புகழ்பெற்றவரும், படுவா சர்வகலாசாலையின் வைத்திய ஆசிரியருமான பெர்னார்டினோ ராமஸ்ஸினி, மனிதரைக் காக்கும் சாஸ்திரம் கற்றவன் மாட்டைப் பற்றிப் பேசுவதா என்று தயங்காமல், அவ்வாண்டிலேயே அந்நோயைப் பற்றி வித்வான்களின் சபையில் பிரசங்கம் செய்தார். இரண்டாண்டுகளில் நோய் ரோமாபுரியைச் சுற்றிய நாட்டையும் எட்டிற்று. போப்பாண்டவர் 11-ஆம் கிளெமென்டின் வைத்தியரான ஜோவான்னி மரியா லான்சிஸி, நோயுற்ற மாடுகளைக் கொன்று சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும், மாடுகள் ஓரிடம் விட்டு ஓரிடம் போவதைத் தடுக்க வேண்டும், சந்தைகளை நிறுத்த வேண்டும் என்று விதித்து, மீறுவோர்க்குக் கடுந்தண்டனையும் ஏற்படுத்தச் செய்தார். சில மாதங்களிலே கொள்ளை அடங்கியது. கிருமி என்ற கொள்கை நிலைபெறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, நோய் தொற்றிப் பரவுவது என்பதை உணர்ந்து வகுத்த அந்த முறையே இன்றும் கொள்ளைநோய்க் காலத்தில் உலகெங்கும் கையாளப்படுகிறது.

மாட்டு வைத்தியம் தனியொரு கலாசாலையில் கற்பிக்கத் தக்க வித்தை என்ற எண்ணம் இந்தக் கொள்ளைநோய்களின் விளைவாகவே ஐரோப்பாவில் வேரூன்றியது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1762-இல் முதல் கால்நடை வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. 1769-இல் இத்தாலியின் டூரின் நகரிலும் அத்தகைய பள்ளி தோன்றியது. பிற்பாடு, 1880 முதல் 1915 வரையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட இத்தாலியர் வறுமையின் காரணமாகத் தாயகத்தை விட்டு அமெரிக்காவுக்கும் பிற தேசங்களுக்கும் குடியேறினர். அவர்களிற் பெரும்பாலோர் குடியானவர்களே. அக்குடும்பங்களின் மக்களும் பேரர்களும் புதிய நாட்டிலே கல்வி கற்று, நாட்டுப்புறத்துக் கால்நடை வைத்தியர்களாகப் பண்ணை பண்ணையாகச் சென்று தொழில் நடத்தியதும் உண்டு. குடியேறியவனின் பிள்ளை இத்தொழிலில் எளிதாக ஒன்றிப் போவதற்குக் காரணம் காண்பது அரிதன்று. சொத்தெல்லாம் ஒரு மாட்டில் அடங்கியிருக்கும் வீட்டில் வளர்ந்தவன், அம்மாடு விழுந்தால் வீடு விழும் என்பதைப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே அறிந்தவன் அல்லவா? பிழைப்பைத் தேடி மலையேறி வந்தவர்களின் ஊராகிய கல்லாற்றிலும் அந்த அறிவு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

ஒரு நாட்டின் அனுபவம் மற்றொரு நாட்டுக்கு மருந்தாகலாம். ஒரு நாட்டின் கவனக்குறைவு மற்றொரு நாட்டுக்கு நஞ்சாகவும் ஆகலாம். லான்சிஸியின் நாட்டுப் படையினரே, 1887-இல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மஸாவா துறைமுகத்துக்குத் தங்கள் உணவுக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாடுகளின் வழியாக வெக்கையை அக்கண்டத்தில் புகுத்தினர் என்று சரித்திர ஆசிரியர்கள் பலரும் கூறுவர். பத்தாண்டுக்குள் அந்நோய் தென்முனை வரையிலும் பரவிற்று. அது சென்ற வழியெல்லாம் மந்தைகள் அழிந்தன. எத்தியோப்பியாவில் உழவு மாடின்றி நிலம் தரிசாகிப் பெரும் பஞ்சம் விளைந்தது. நம் கரையிலிருந்து சென்ற சில மாடுகள் ஒரு கண்டத்தின் தலையெழுத்தையே மாற்றின என்னும்போது, அந்தக் காலத்தில் இந்திய நாட்டின் கால்நடைகள் எத்தகைய நிலையில் இருந்திருக்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

அந்நிலையை அறிவதற்கென்று ஆங்கில அரசாங்கம் அமைத்த மாட்டுக் கொள்ளைநோய் விசாரணைக் குழு 1871-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1889-இல் பூனாவில் கிருமி ஆராய்ச்சிச் சாலை ஒன்று தோன்றியது. ஜனநெருக்கம் மிக்க இடத்தில் தொற்றுக் கிருமிகளை வைத்து ஆராய்வது ஆபத்து என்று கருதி, 1893-இல் அதனைக் குமாவுன் மலையிலே, காடு சூழ்ந்த முக்தேசுவருக்கு மாற்றினார்கள். தென்னாப்பிரிக்காவில் வெக்கையை ஆராய்ந்துவிட்டு வந்த ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் 1897-இல் அங்கு வருகை தந்தார். 1920-களின் பிற்பகுதியில் அதே இடத்தில் எட்வர்ட்ஸ் என்பவர், வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கும் முறையைக் கண்டார். இதனிடையே 1903-இல் சென்னை சைதாப்பேட்டையில் இருபது மாணவர்களோடு கால்நடை வைத்தியக் கல்லூரி தொடங்கப்பெற்று, பின்னர் வேப்பேரிக்கு மாறியது. 1936-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்து, இந்தியாவிலேயே கால்நடை வைத்தியத்தில் பட்டம் அளிக்கும் முதற் கல்லூரியாயிற்று. கேரளத்துக்கெனத் தனிக் கல்லூரி 1955-இல் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் உண்டாயிற்று.

இக்கல்லூரிகளிற் படித்து வெளிவந்த இளைஞர்களின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால், அது அக்காலத்து மற்ற உத்தியோகங்களைப் போன்றதன்று என்பது விளங்கும். மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவரைத் தேடி நோயாளி வருவான். மாட்டு வைத்தியரோ நோயாளியைத் தேடிப் போக வேண்டும். பிரசவ வேதனையில் தரையில் சாய்ந்துவிட்ட பசுவை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிவருவதெப்படி? ஆகையால் அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்திலே, சேறும் சாணமும் மிதித்து, அட்டை கடிக்கும் மலைப்பாதையில் அவரே நடந்தார். தோள்வரை கையைச் செலுத்திக் கன்றை எடுக்கும்போது, ‘ஐயா, தாயாவது பிழைக்குமா?’ என்று கேட்கும் வீட்டுக்காரிக்கு விடையும் சொல்ல வேண்டும். நோயாளி வாய் திறந்து எதையும் சொல்லாது; வீட்டார் சொல்வதிலும் பாதி ஊகமாயிருக்கும். ஆகவே சாணத்தின் இளக்கத்தையும், மூக்கின் ஈரத்தையும், காதின் சூட்டையும், அசைபோடும் தாடையையும் பார்த்தே நோயை நிதானிக்க வேண்டும்.

இவற்றினும் அரிய காரியம் ஜனங்களின் நம்பிக்கையைப் பெறுவது. நன்றாக இருக்கும் மாட்டுக்கு ஊசி எதற்கு, ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும் என்ற அச்சங்கள் எங்கும் நிலவின. அவற்றைச் சர்க்காரின் உத்தரவு நீக்கவில்லை. அடுத்த கொள்ளைநோயின்போது ஊசி போட்ட மாடு நிற்க, போடாத மாடு விழுந்ததைக் கண்ணால் கண்ட அயல்வீட்டுக்காரனின் வார்த்தையே நீக்கியது. 1954-இல் இந்திய அரசாங்கம் வெக்கை ஒழிப்பை நாடு தழுவிய திட்டமாக மேற்கொண்டபோது, அதன் பாரமெல்லாம் இப்படிக் கிராமம் கிராமமாக நடந்த வைத்தியர்கள், கம்பவுண்டர்கள், தடுப்பூசி போடுவோர் ஆகியோரின் தோளிலேதான் விழுந்தது. உறைபனிப் பெட்டியில் மருந்தைச் சுமந்து, வெயிலேறுமுன் பட்டியை அடைந்து, காலை மேய்ச்சலுக்கு மாடு போகுமுன் ஊசி போட்டு முடிக்க வேண்டும். இத்தகைய விடியற்காலைகளின் பயனாக, இந்தியாவில் 1995-க்குப் பிறகு வெக்கை தோன்றவில்லை. 2006-இல் இந்நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. 2011-இல் உலகமே விடுபட்டது. மனிதன் பூமியிலிருந்து அடியோடு ஒழித்த நோய்கள் பெரியம்மையும் வெக்கையும் ஆகிய இரண்டே. முதலாவதைக் கொண்டாடிய அளவில் நூறில் ஒரு பங்கேனும் இரண்டாவதை நாம் கொண்டாடியதில்லை.

இவ்வளவு பெருமைக்குரிய தொழிலின் கணக்கிலே ஒரு நஷ்டத்தையும் எழுதியாக வேண்டும். பாலைப் பெருக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தோடு கேரளத்தில் 1961-இல் கால்நடை அபிவிருத்திச் சட்டம் இயற்றப்பட்டது. அனுமதி பெறாத நாட்டுக் காளைகளைக் காயடிப்பது கடமையாக்கப்பட்டது. 1963-இல் மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியிலே சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியோடு ஒரு திட்டம் எழுந்து, அந்நாட்டுப் பழுப்புக் காளைகளின் விந்துவை உறையவைத்து ஊர்தோறும் அனுப்பும் முறை வளர்ந்தது. சுனந்தினி என்ற கலப்பினம் அதன் பயன். கல்லாற்றுக்கு அருகே விதுராவிலும் ஜெர்சிப் பண்ணை ஏற்பட்டது. சினை ஊசி வந்த பிறகு கொட்டிலில் நின்ற மாடு மாறியது; அதனோடு வைத்தியரின் தொழிலும் மாறியது. குளிர்தேசத்து இரத்தம் கலந்த பசு மிகுதியாகப் பால் கொடுத்தது, மெய்தான். ஆனால் உண்ணிக் காய்ச்சலும் மடிநோயும் கோமாரியும் அதனை எளிதில் வீழ்த்தின. நாட்டு மாட்டுக்கு ஆண்டில் ஒரு முறையும் தேவைப்படாத வைத்தியர் அதற்கு அடிக்கடி தேவைப்பட்டார். நாட்டுக் காளைகள் அருகியமையால், ஏறத்தாழ மூன்றடி உயரமே உள்ள வெச்சூர் என்னும் நாட்டுப் பசு மறைந்தே போகும் நிலையை அடைந்தபோது, 1989-இல் மண்ணுத்திக் கல்லூரியின் ஆசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, எஞ்சிய சிலவற்றைக் கண்டுபிடித்துக் காத்தனர். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. சட்டத்தின் பிழையை அந்தச் சாஸ்திரத்தைக் கற்றவர்களே திருத்தியது, அத்தொழிலுக்கு மனச்சாட்சி உண்டு என்பதைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டு வனத்துறையில் கால்நடை வைத்தியராக இருந்த வி. கிருஷ்ணமூர்த்தியின் பெயரையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும். 1929-இல் பிறந்து 2002-இல் மறைந்த அவர், முதுமலையிலும் டாப்ஸ்லிப்பிலும் யானைகளினிடையே வாழ்நாளைச் செலவிட்டவர். மனிதர் பலரைக் கொன்றதென்று பிடிக்கப்பட்ட மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, ஒன்றின் புண்களை 1998-இல் ஆற்றி, அதனைச் சாதுவாக்கினார்; அந்த யானைக்கு அவருடைய பெயரையே சுருக்கி மூர்த்தி என்று இட்டனர். பழைய திருவிதாங்கூரின் பகுதியான குமரி மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜெயமோகன், ‘யானை டாக்டர்’ என்னும் கதையில் அவரைத் தமிழுலகம் முழுவதும் அறியும்படி செய்தார். பாலகாப்பியரின் கிரந்தத்தில் இருந்த யானை வைத்தியம், ஒரு மனிதர் காட்டுக்குள் சென்று குடியிருந்ததால் மீண்டும் உயிர்பெற்றது.

கல்லாற்றிலேயே மற்றொரு வகை அறிவும் வாழ்கிறது. காணி குலத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாள், நூற்றுக்கணக்கான மூலிகை முறைகளை ஏட்டின் உதவியின்றி நினைவில் தாங்கி, விஷக்கடிக்கு மருந்து தேடி வந்தோர்க்கு உதவியவர். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்து நாடு கௌரவித்தது. அவருடைய வைத்தியம் மனிதருக்கானது. எனினும், இதே காடு மாட்டுக்கும் மருந்து தந்த காடுதான். அம்மருந்துகளை அறிந்த முதியோர் மலையோரக் குடிகளில் இன்னும் சிலர் இருக்கலாம். எவற்றில் உண்மை உண்டு, எவை வெறும் வழக்கம் என்பதைப் பரீட்சித்துப் பதிவு செய்வதற்கு, பாலோட்டு ஆராய்ச்சி நிலையத்தை அருகிலே வைத்துக்கொண்டிருக்கும் இவ்வட்டாரத்தை விடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பாண்டியர்களின் லாயம் முதல் மாட்டுப்பட்டி வரையில் இச்சரித்திரம் உணர்த்துவது ஒன்றே. கிரந்தமும் கலாசாலையும் ஆராய்ச்சிச் சாலையும் எத்துணை உயர்ந்தவையாயினும், கொட்டில் வரை நடந்து செல்ல ஒருவர் இல்லாவிட்டால் அவற்றால் ஒரு கன்றும் பிழைப்பதில்லை. ஆகவே, மலையோரத்து ஊர்களில் கால்நடை வைத்தியர் தங்குவதற்கு ஒரு வீடும், இரவில் அழைத்தால் வருவதற்கு ஒரு வாகனமும், அவர் கைக்கு வேண்டிய மருந்தும் குறைவின்றிக் கிடைக்கும்படி செய்வது அரசாங்கத்தின் கடமை. பட்டம் பெற்று வரும் இளைஞர்களும் யுவதிகளும், நகரத்து நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்ப்பதில் வரும் வருவாயை ஓரளவு ஒதுக்கி, சில ஆண்டுகளேனும் இத்தகைய ஊர்களில் பணிபுரிய முன்வர வேண்டும். ஒற்றைப் பசுவை நம்பி வாழும் குடும்பத்துக்கு அவர்கள் செய்யும் உதவிக்கு ஈடான உதவி வேறொன்றும் இல்லை.